பேகூர் நாகேசுவரர்: கதையும் கல்லும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நம்மிற் பலர் இப்பொம்மனஹள்ளியில் குடியேறி ஆண்டுகள் பல ஆகின்றன. எனினும், பிள்ளையின் சாதகத்தில் நாகதோடம் உளதென்று சோதிடர் சொல்லிவிட்டால், மடிவாளத்தில் இரவுப் பேருந்துக்குக் காத்து நின்று, கும்பகோணத்திற்கும் திருநாகேச்சரத்திற்கும் விரைகின்றோம். செல்லுதல் நன்றே, யான் குறை கூறவில்லை. ஆனால் இங்கிருந்து பேகூர்ச் சாலையில் நான்கைந்து கிலோமீட்டர் சென்றால், அங்கும் ஒரு நாகேசுவரர் எழுந்தருளியிருக்கின்றார். ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு மேலாக இருக்கின்றார். அவரை இதுவரை கண்டவர் இவ்வவையில் எத்துணைப் பேர்?

நாகேசுவரர் என்னும் பெயருக்குரிய கதையை முதலில் கூறுகின்றேன். உலகைத் தலையிற் சுமப்பவன் ஆதிசேடன். மண்ணில் பாவம் மிக மிகச் சுமையும் மிகுந்தது. ஆயிரம் தலை படைத்தவனும் தளர்ந்தான். கயிலை சென்று இறைவனிடம் முறையிட்டான். இறைவன் என்ன செய்தார்? சுமையை இறக்கிவைக்குமாறு கூறவில்லை. சுமையைக் குறைக்கவும் இல்லை. “குடந்தைக்குச் சென்று எம்மைப் பூசிப்பாயாக, ஒரு தலையாலேயே உலகைத் தாங்கும் வலிமை பெறுவாய்” என்று அருளினார். அவ்வாறே ஆதிசேடன் மாசிச் சிவராத்திரியன்று முதல் யாமத்தில் குடந்தையிலும், இரண்டாம் யாமத்தில் திருநாகேச்சரத்திலும், மூன்றாம் யாமத்தில் திருப்பாம்புரத்திலும், நான்காம் யாமத்தில் நாகூரிலும் வழிபட்டு வலிமை பெற்றான் என்பர். ஊரில் பெற்றோர், இங்கே வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று ஒரு தலையில் பலவற்றைச் சுமக்கும் நம்மனோர்க்கு இக்கதை விளக்கம் வேண்டாமலே விளங்கும்.

கதை இருக்க, காலத்தைக் காண்போம். குடந்தைக் கீழ்க்கோட்டம் என வழங்கும் நாகேசுவரர் கோயிலின் எழில் மிக்க கற்றளி முதலாம் ஆதித்த சோழன் காலத்தது, அஃதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி. பேகூரில் கங்க மன்னர் ஆட்சியில் நாகேசுவரர் கோயில் எழுந்ததும் அந்நூற்றாண்டிலேதான். இங்ஙனம் காவிரிக் கரையிலும் கங்கநாட்டிலும் ஒரே காலத்தில் ஒரே பெயரால் இறைவனை வழிபட்டனர். இவ்விரு நாட்டார்க்கும் தொடர்பில்லை என்று எண்ணற்க. கி.பி. 880-ஐ ஒட்டிக் குடந்தைக்கு அண்மையிலுள்ள திருப்புறம்பயத்தில் பெரும்போர் ஒன்று நிகழ்ந்தது. பல்லவன் அபராசிதனுக்குத் துணையாகப் பாண்டியன் வரகுணனை எதிர்த்து நின்று, அக்களத்தில் உயிர் துறந்தவன் முதலாம் பிருதிவீபதி என்னும் கங்க மன்னன். பேகூரை ஆண்டோர் கங்கர் குலத்தின் ஒரு கிளையினர். அவன் மற்றொரு கிளையினன்.

பேகூருக்கு அந்நாளில் பெம்பூர் என்பது பெயர். ‘பெம்பூர்ப் பன்னிரண்டு’ என்னும் ஊர்த்தொகுதிக்கு அதுவே தலைமை. அதனைக் கூறும் வீரக்கல், யானைப் போர்ச் சிற்பத்துடன், இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. கோயில் வளாகத்திலோ கி.பி. 890-ஐ ஒட்டிய பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்று உண்டு. நாகத்தரன் என்னும் தலைவனைச் சார்ந்தோர் பெங்களூர்ப் போரில் பட்ட செய்தியை அது கூறுகின்றது. இம்மாநகரின் பெயர் முதன்முதற் காணப்பெறுவது அக்கல்லிலேதான். வேட்டையாடிப் பசித்த ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி அவித்த பயறு கொடுத்தமையால் ‘பெந்தகாளூரு’ என்று பெயர் வந்ததென நம் பிள்ளைகள் பள்ளியிற் கேட்டிருப்பர். பயறும் சுவையானதே, கதையும் சுவையானதே. ஆனால் கல்வெட்டு அவ்வேந்தனுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு மூத்தது! கெம்பெகவுடர் 1537-இல் கோட்டை கட்டியதோ அதற்கும் நெடுங்காலம் பின்னர்.

கி.பி. 1004-ஐ ஒட்டிக் கங்கர் தலைநகராகிய தலைக்காடு சோழர் வசமாயிற்று. பேகூர்க் கோயிலின் ஐந்து இலிங்கங்களுள் ஒன்று சோழேசுவரர் என்று பெயர் பெற்றிருத்தல் அக்காலத்தை நினைவூட்டும். இனி, நாம் பேருந்துக்குக் காத்து நிற்கும் மடிவாளத்திற்கே வருவோம். அங்குள்ள சோமேசுவரர் கோயிலின் புறச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றில், வேப்பூரார் ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் நிலம் அளித்தமை கூறப்படுகின்றது. வேப்பூர் என்பது பேகூரே. வெங்களூர் எது என்று யான் சொல்லவும் வேண்டுமோ? பெட்டி படுக்கையுடன் அச்சுவரைக் கடந்து ஊருக்குப் போகின்றோம். அச்சுவரிலோ நம் தாய்மொழி எழுநூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கின்றது.

இதைக் கேட்டு நம் இளைஞர் சிலர், “அப்படியாயின் இம்மண் நம்முடையதே” என்று மார்தட்டக் கூடும். அது பிழை. பேகூரின் மூத்த கல் கன்னடம் பேசுகின்றது. மடிவாளத்தின் கல் தமிழ் பேசுகின்றது. கோயிலுக்கு நிலம் அளித்தவர் எம்மொழியினர் என்று இறைவன் கேட்டதாக எக்கல்லிலும் இல்லை. இது யாருடைய சாமி என்று நம் வீட்டுக் குழந்தை கேட்குமாயின், பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தையையும் உடன் அழைத்துச் சென்று இரு கல்லையும் காட்டுங்கள்.

காட்டுவதற்குக் காலந்தாழ்த்தல் ஆகாது. சாலை அகலப்படுத்துங்கால் புதையுண்ட கற்களும், சுண்ணாம்பு பூசி எழுத்து மறைந்த கற்களும் எல்லா ஊரிலும் உண்டு. இந்நகரின் மிதிக் சொசைட்டி 2021 முதல் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணப் படமெடுத்துக் காக்கும் பணியை நடத்தி வருகின்றது. பழந்தமிழ் எழுத்து படிக்க வல்லார் இவ்வவையில் இருப்பின் இத்தகைய பணிக்கு உதவ முன்வரல் வேண்டும்.

வரும் சிவராத்திரியன்று குடந்தை செல்ல விடுமுறை கிடையாதார் பலர் இருப்பர். அவர்கள் மாலையில் மடிவாளம் சென்று, வெளிச்சம் மறையுமுன் புறச்சுவரைப் பார்த்துவிட்டு, முதல் யாமப் பூசைக்குப் பேகூர் வந்து சேரலாம். விதானத்தில் எண்டிசைக் காவலர் சூழ உமையொடு வீற்றிருக்கும் பெருமானைக் குழந்தைகள் அண்ணாந்து பார்க்க விளக்கொளி வேண்டும். ஒரு கைவிளக்கு எடுத்து வருக.