தூரத்தின் விலையை யார் கொடுப்பது?



நான் நகரங்களைப் பற்றி ஆய்வு செய்கிறவன். இரண்டு எண்களிலிருந்து தொடங்குகிறேன். நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை, 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கி அரசு ஆணையிட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் பகுதிகள் இதற்குள் வந்துவிட்டன. இதை வளர்ச்சி என்கிறார்கள். இதில் நகரத்துக்குள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறவர்கள் யார்? வெளியே நிலம் இழந்தவர்கள் யார்?

முதலில் நகரத்தின் நடுப்பகுதி. இன்றைய தி.நகர் ஒரு காலத்தில் ஏரி. மயிலாப்பூர் தொடங்கி நுங்கம்பாக்கம் வரை கிடந்த அந்த ஏரியை 1920களில் தூர்த்து வீட்டுமனைகளாக்கினார்கள். அதற்குப் பெயர் நகரமைப்பு. 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்களின் வீடுகளை இடித்தார்கள். அங்கே மட்டும் பெயர் ஆக்கிரமிப்பு. இடிப்பை எதிர்த்து ஒரு முதியவர் தீக்குளித்து உயிரிழந்தார்.

மாற்றிடமாக முதலில் காட்டப்பட்டது பெரும்பாக்கம். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம்தான். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அடுத்தடுத்து எழுந்த குடியிருப்புகளில் பெரும்பான்மையோர் தலித் மக்கள். வீடு அங்கே போனது, வேலை போகவில்லை. அடையாறிலும் மயிலாப்பூரிலும் பாத்திரம் தேய்க்கவும் தெருக் கூட்டவும் அதே கைகள்தான் வர வேண்டும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021இல் வந்தது, நல்லது. அது டிக்கெட் காசை மிச்சப்படுத்தும். பயணத்தில் போகும் நேரத்தை யார் திருப்பித் தருவது? இரண்டு மணி நேரம் சாலையில் போனால், ஒரு வீட்டு வேலை போகிறது. அந்தக் கூலிக்குறைப்பு எந்தக் கணக்கிலும் வராது.

இனி வெளிப்புறம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891 அறிக்கைக்குப் பிறகுதான் ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் கிடைத்தது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அவை கைமாறின. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் பலியானார்கள். அதே செங்கல்பட்டில்தான் இன்று மனை விலை ஏறுகிறது. நம் மக்களிடம் அந்த நிலம் இருந்திருந்தால், பெருநகர விரிவாக்கத்தின் லாபத்தில் அவர்களுக்கும் பங்கிருந்திருக்கும்.

ஆக, நகரத்துக்குள் வீடு இல்லை, வெளியே நிலம் இல்லை. சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே ஏற்பாட்டைத்தான் பெருநகரம் பேருந்துத் தடம் போட்டு நீட்டிக்கிறது.

நம் கோரிக்கைகள் இரண்டு. வேலை இருக்கும் இடத்துக்கு அருகிலேயே வீடு வேண்டும். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டத்தானே செய்தார்கள்? அடுத்து, விரிந்த பெருநகர எல்லைக்குள் இருக்கும் பஞ்சமி நிலங்களைச் சர்வே எண் வாரியாக வெளியிட வேண்டும். மாஸ்டர் பிளானில் நிலத்துக்கு நிறம் தீட்டுவதற்கு முன், அந்த நிலம் யாருடையது என்று எழுதுங்கள்.