பயிரின் காப்பும் உழவரின் அறமும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கொல்லாமையைப் பற்றி இம்மேடையில் பல சான்றோர் பேசியிருக்கிறார்கள். நான் அதனை நம் வயல் வரப்பில் நின்று பேச விரும்புகிறேன். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர் பலர் வழிவழியாக உழவர்கள். இரவில் உண்ணாமையும் நீரை வடிகட்டிப் பருகுவதும் நம் வீட்டு ஒழுக்கங்கள். ஆயினும் அதே வீட்டுத் தாழ்வாரத்தில் மருந்துத் தெளிப்பானும் மாட்டப்பட்டிருக்கிறது.

நம் அறநெறி இம்சையை நான்காகப் பகுத்துள்ளது. கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது, இல்லப் பணிகளில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்பன அவை. இல்லறத்தார் முதலாவதை அறவே விலக்க வேண்டும். மற்ற மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். ஏர் உழுகையில் மண்ணுயிர்கள் மடிவது தொழிலால் நேர்வது. ஆனால் பூச்சி வருமுன்பே, பக்கத்து வயலில் அடித்தார்கள் என்பதற்காக நாமும் நஞ்சு தெளிக்கிறோமே, அதனை எந்த வகையில் சேர்ப்பது? "வேறு வழியில்லை" என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. வழி ஒன்று உண்டு. அது பயிருக்குள்ளேயே இருக்கிறது என்பதே என் உரையின் சாரம்.

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று சமண நூல்களும் கூறுகின்றன, தொல்காப்பியமும் கூறுகிறது. அந்த ஓர் அறிவு தொடுவுணர்வு. அத்தொடுவுணர்வைக் கொண்டு செடி தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தை அறிவியல் அண்மைக் காலத்தில்தான் விளக்கியது. 1972-இல் அமெரிக்காவில் டெரி கிரீன், கிளாரன்ஸ் ரயன் என்னும் இருவர் தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளை ஆராய்ந்தனர். வண்டு ஓர் இலையைக் கடித்ததும், கடிபடாத மற்ற இலைகளிலும் ஒருவகைப் புரதம் சேர்வதைக் கண்டனர். அது பூச்சியின் வயிற்றில் செரிமானத்தைத் தடுக்கும் புரதம். அதனை உண்ட புழு நன்கு வளர்வதில்லை.

இச்செய்தியைச் செடிக்குள் பரப்பும் பொருள்களுள் ஒன்று ஜாஸ்மோனிக் அமிலம். அதன் உறவான மெத்தில் ஜாஸ்மோனேட் 1962-இல் பிச்சிப் பூவின் நறுமண எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பெயரில் மல்லிகை ஒலிப்பது அதனால்தான். அது காற்றில் பரவி அண்டைச் செடியையும் விழிப்புறச் செய்யக்கூடியது என்பதை 1990-இல் ரயனும் எட்வர்ட் பார்மரும் ஆய்வில் காட்டினர். நெல்லிலும் இத்தகைய காப்பு உண்டு. புகையான் தாக்கிய நெற்பயிர் ஒரு மணத்தை வெளியிடுகிறது. புகையானின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் நுண்குளவிகள் அம்மணத்தை நாடி வருகின்றன.

இந்த ஆற்றலை நாம் தூண்டிவிட முடியுமா? முடியும். ஜப்பானில் 1975 முதல் நெற்குலை நோய்க்குப் புரோபெனசோல் என்னும் மருந்து பயன்படுகிறது. அது பூஞ்சையைக் கொல்வதைக் காட்டிலும் பயிரின் எதிர்ப்பாற்றலை எழுப்புவதாலேயே பயன் தருகிறது. நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் சூடோமோனாஸ் நுண்ணுயிரும் அவ்வாறே வேர்ப்பகுதியில் தங்கிப் பயிரை முன்கூட்டியே விழிப்புறச் செய்கிறது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து நேர்த்தி செய்தால் போதும். நடவுக்கு முன் நாற்றின் வேரையும் அதன் கரைசலில் அரை மணி நேரம் நனைக்கலாம்.

அடுத்தது சிலிக்கா. நெல் தன் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை சிலிக்காவைச் சேர்த்துக்கொள்ளும் பயிர். அது தாளையும் இலையையும் கடினமாக்குகிறது. குருத்துப்பூச்சியின் புழு துளைத்துச் செல்வது அரிதாகிறது. வைக்கோலை முழுவதும் விற்றுவிட்டால் அச்சிலிக்காவும் வண்டியேறிப் போய்விடுகிறது. வைக்கோலில் ஒரு பங்கையும் உமிச்சாம்பலையும் வயலுக்குத் திருப்பித் தருவது பயிருக்குக் கவசம் தருவதாகும்.

மூன்றாவது, யூரியாவில் அடக்கம். தழைச்சத்து மிகுந்தால் பயிர் கரும்பச்சையாக, மென்மையாக வளரும். பார்ப்பதற்கு அழகு, புகையானுக்கும் இலை சுருட்டுப்புழுவுக்கும் அதுவே விருந்து. இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தேவையானபோது மட்டும் உரமிடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்பது அட்டையின் அளவு. நிறம் அதற்குக் கீழே இறங்கினால்தான் உரம் தேவை. உணவில் அளவு காக்கும் நமக்கு இது புதிய பாடமன்று.

"இதையெல்லாம் நம்பி விளைச்சலை இழக்கலாமா?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1986-இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு அடிக்கப்பட்டுவந்த 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. அம்மருந்துகள் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களை அழித்ததனால் புகையான் முன்னிலும் பெருகியதே காரணம். தடைக்குப் பின் அந்நாட்டின் நெல் உற்பத்தி வீழவில்லை.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். செடியின் எதிர்ப்பாற்றல் நோய் முற்றியபின் கொடுக்கும் மருந்தன்று. வருமுன் காக்கும் ஏற்பாடு. எல்லாத் தாக்குதலையும் அது தடுத்துவிடாது. ஆகவே வாரம் ஒருமுறையேனும் வயலில் இறங்கித் தூர்களை விலக்கிப் பார்க்க வேண்டும். பூச்சி பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் வேளாண் அலுவலரைக் கலந்தே அடுத்த அடி வைக்க வேண்டும்.

"சிலந்தி பூச்சியைத் தின்பதும் இம்சைதானே?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் வினவினார். ஆம், அங்கும் உயிர் போகிறது. ஆனால் அங்கே கொல்லும் எண்ணம் நம்முடையதன்று. மேலும், ஒரு தெளிப்பில் புகையானோடு சிலந்தி, தட்டான், தேனீ எனக் குற்றமற்ற எத்தனையோ உயிர்கள் மடிகின்றன. அவற்றைக் காக்கலாம். தெளிக்கும் கூலியாளின் மூச்சிலும் நம் பிள்ளைகளின் சோற்றிலும் நஞ்சு கலக்காமல் காக்கலாம். இல்லறத்தாரிடம் அறம் எதிர்பார்ப்பது இம்சையை இயன்றவரை குறைப்பதையே.

வரும் சம்பாப் பருவத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு காணி நிலத்திலேனும் இதனைச் செய்து பாருங்கள். விதை நேர்த்தி முதல் அறுவடை வரை செலவையும் விளைச்சலையும் ஏட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அந்த ஏடுகளோடு நாம் மீண்டும் கூடிப் பேசுவோம்.