நீர்வழிப் பெயர்கள்
(கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



புதிய ஊரைக் காண வருகின்றவர் முதலில் தேடுவது வழிகாட்டியை. திருவில்லிபுத்தூருக்கு வருகின்றவர்க்கு அத்தேவை இல்லை. தமிழ் தெரிந்திருந்தாற் போதும். ஊரிலுள்ள பெயர்களே கைப்பிடித்து அழைத்துச் செல்லும். ஆனால் அப்பெயர்களின்மேல் அயன்மொழிப் பூச்சு ஏறிக் கிடக்கிறது. அதைச் சுரண்டிப் பார்த்தாலன்றி வழி தெரியாது.

பேருந்தை விட்டு இறங்கியதும் ஊர்ப்பலகை. 'ஸ்ரீ' என்னும் கிரந்த எழுத்தன்றோ அதில் முன்னே நிற்கிறது! வில்லி என்னும் வேடர் தலைவன் காடு திருத்திக் கண்ட புது ஊர் என்பது வழிவழியாக வழங்கும் வரலாறு. வில்லியும் தமிழ், புத்தூரும் தமிழ். முன்னே 'திரு' நின்றால் முழுப்பெயரும் தமிழ். 2020 சூன் திங்களில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்பத் திருத்தி ஆணை பிறப்பித்தது. சில நாள்களிலேயே அவ்வாணை மீளப்பெறப்பட்டது. பிழைகள் இருந்தன என்றால் திருத்தியிருக்கலாம். முயற்சியையே ஏன் கைவிட வேண்டும்?

பலகையை விட்டு நிமிர்ந்தால் கோபுரம். பதினொரு நிலை, 190 அடிக்கும் மேற்பட்ட உயரம். தமிழக அரசின் முத்திரையில் இருப்பது இதுவே என்பர் பலர். மதுரை மேலைக்கோபுரமே என்பாரும் உளர். அவ்வழக்கு இருக்கட்டும். கோபுரத்திற்குரிய இறைவனை 'வடபத்ரசாயி' என்கிறார்கள். வருகின்றவர்க்கு அப்பெயர் ஒன்றும் சொல்லாது. 'வடபெருங்கோயிலுடையான்' என்று சொல்லிப் பாருங்கள்! கோயில் எத்திசையில் உள்ளது, எத்துணைப் பெரியது என்று கேளாமலே விளங்கும். அதற்கும் கோதையின் கோயிலுக்கும் இடையில் பூந்தோட்டம். அங்கேதான் துழாய்ச் செடியடியில் பெரியாழ்வார் கோதையைக் கண்டெடுத்தார் என்பர். கோயிலுக்குள் கண்ணாடிக் கிணறு. சூடிய மாலையின் அழகை அவள் நீரில் பார்த்துக்கொண்ட இடம் என்பது வழக்கு. கண்ணாடிக் கிணறு! குழந்தைக்கும் புரியும் பெயர். அதை எவரும் மொழிபெயர்த்துக் கெடுக்கவில்லை என்பது நற்பேறு.

அவள் பாடியவை 173 பாடல்கள். அவற்றுள் திருப்பாவை முப்பதும் கடல் கடந்தன. சயாம் நாட்டு அரண்மனை விழாவொன்றுக்குத் 'திரியம்பாவை, திரிபாவை' என்றே பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையுமே அவ்வாறு திரிந்தன என்பர் அறிஞர். அவ்விழாவின் பேரூஞ்சலாட்டம் 1935-இல் நின்றுபோயிற்று. பெயர் நிற்கவில்லை, இன்றும் வாழ்கிறது. அயலார் நாவில் தமிழ் சிதைந்தாலும் தமிழாகவே இருக்கிறது. பிறந்த ஊரின் பலகையில்தான் அதற்கு இடமில்லை.

அடுத்து மடவார்விளாகம். மடவார் பெண்டிர், விளாகம் சூழ்ந்த இடம். அங்கே சிவன் கோயில். திருமலை நாயக்கர் ஊருக்குள் எழுப்பிய அரண்மனையும் பார்க்கத் தக்கதே. தூண்களை நின்று பார்த்துவிட்டு நகரலாம்.

நின்று எண்ண வேண்டிய இடம் திருமுக்குளம். கோதை நீராட வடநாட்டு ஆறுகள் மூன்றும் இங்கு வந்து கூடின என்று கதை சொல்கிறார்கள். கதையைப் பழிப்பதற்கில்லை, பத்தியில் பிறந்தது. ஆயினும் ஒரு கேள்வி எழாமற் போகாது. மேற்கே கண்ணுக்கெட்டிய தொலைவில் மலை நிற்கிறது. அம்மலை ஆறுகளை ஈனுகிறது. அவ்வாறுகளின் பெயர் இவ்வூர்ப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்? கங்கை, யமுனை, சரசுவதி என்று உடனே ஒப்பிக்கும் பிள்ளை, தன் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்றால் குழாயைக் காட்டுகிறது.

ஆதலால் நடக்கின்றவர் திருமுக்குளத்தோடு நின்றுவிடலாகாது. இராசபாளையம் சென்று, அங்கிருந்து மேற்கே மலையடிவாரம் நோக்கித் திரும்ப வேண்டும். வழியில் அந்நகரின் குடிநீர்த் தேக்கம். அதற்கு 'ஆறாவது மைல்' என்று பெயர்! வெள்ளையன் காலத்து அளவுக்கல் நீர்த்தேக்கத்திற்குப் பெயராகிவிட்டது, சிரிப்பதா வருந்துவதா? அதையும் கடந்து சென்றால் ஆற்றங்கரை, மரநிழல், கரையில் ஒரு கோயில். அக்கோயிலின் பெயர் நீர்காத்த அய்யனார்.

நீர்காத்தவர்! பெரியோர்களே, இப்பெயரை வைத்தவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர். ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் காவல் தெய்வத்தை நிறுத்தி, நீரைக் காப்பதே இறைப்பணி என்று பெயரிலேயே எழுதிவைத்தார்கள். மலையிலிருந்து இறங்கும் இத்தகைய ஓடைகளும் ஆறுகளும் சேர்ந்தே வைப்பாறு ஆகின்றன. அது சாத்தூர் வழியே ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஓடைக்கரையைச் சுருக்கி வேலி போடுகிறவனும், மணலை அள்ளுகிறவனும், அய்யனாருக்குக் கடா வெட்டிவிட்டுத்தான் போகிறார்கள். யாரைக் கும்பிட்டோம் என்று பெயரைப் பிரித்துப் பார்த்திருந்தால் கை நடுங்கியிருக்கும்.

சொல்லைப் பிரித்து வேர் காணும் அக்கலையைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் 1902-இல் பிறந்த பாவாணர். அவர் இளமையில் ஆசிரியப் பணியாற்றிய முறம்பு இராசபாளையத்தை அடுத்தே உள்ளது. பாவாணர் கோட்டமும் அங்கே இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து திரும்புகின்றவர் மறுநாளை அதற்கென ஒதுக்கிக்கொள்ளலாம்.

இந்நடைக்கு வேண்டிய பொருட்செலவு பேருந்துக் கட்டணமும் ஒருவேளை உணவும். கோவிலார்க்கும் நகராட்சியார்க்கும் வைக்க வேண்டிய வேண்டுகோளும் சிறிதே: ஒவ்வோர் இடத்திலும் தமிழ்ப்பெயரை முன்னிறுத்தி, அதன் பொருளை ஒருவரியில் எழுதிய பலகை. ஆசிரியர்கள் பலகைக்காகக் காத்திராமல், அடுத்த விடுமுறையிலேயே மாணவரை அழைத்துச் செல்லலாம். கோடையில் ஆறு மெலிந்திருக்கும். கார்த்திகையில் நீரோட்டம் உண்டு. மலைப்பகுதி 2021 முதல் புலிகள் காப்பகம் ஆதலின், வெள்ள நாள்களில் காட்டுத்துறையார் வழிவிடமாட்டார்கள். கேட்டுவிட்டுப் புறப்படுதல் நன்று.