காசில் ஒரு கூகை

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காசு என்றதும் அதன் மதிப்பே நம் நினைவுக்கு வரும். அக்காசில் ஓர் ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்லிற்று என்பதே என் பொருள்.

பண்டைக் கிரேக்க நகர அரசுகள் தத்தமக்கெனக் காசுகளை வெளியிட்டன. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்சு வெள்ளிக் காசு ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ளது. ஒருபுறம் அதீனா தெய்வம். மறுபுறம் அவளுக்குரிய ஆந்தையும் ஒலிவத் தளிரும், ஊர்ப்பெயரின் மூன்று எழுத்துகளும். கொரிந்து நகரம் பெகாசசு என்னும் சிறகுடைய குதிரையைப் பொறித்தது. சிசிலித் தீவின் கேலா நகரம் தன் ஆற்றையே மனித முகமுடைய காளையாக வடித்தது. சிலேடையும் உண்டு. ரோடசு தீவு ரோசா மலரைப் பொறித்தது. கிரேக்கத்தில் அம்மலரின் பெயர் 'ரோடோன்'.

இவற்றில் ஆள்பவன் முகம் இல்லை. பறவையும் மலரும் ஊரார் அனைவருக்கும் பொது. அலெக்சாந்தருக்குப் பின்னரே மன்னர் முகங்கள் காசுகளில் பெருகின.

நம் கொங்கு நாட்டுக்கு வந்தவை முகக் காசுகளே. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 500க்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்தசு, திபேரியசு பேரரசர்களின் முகங்கள் அவற்றில் உள்ளன. கரூரில் கிடைத்த மாக்கோதை வெள்ளிக் காசிலும் சேரனின் முகமும் தமிழ் பிராமியில் அவன் பெயரும் காண்கிறோம். உரோமக் காசின் சாயல் அதில் உண்டென்பர் அறிஞர். பாண்டியன் பெருவழுதியின் செப்புக் காசிலோ பெயர் உண்டு, முகம் இல்லை. ஒருபுறம் குதிரை, மறுபுறம் மீன்.

முகமா, சின்னமா? இக்கேள்வி கவிஞர்களுக்கும் உரியது. ஏதென்சில் அறிவின் உருவான ஆந்தை, நம் பாக்களில் சுடுகாட்டுக் கூகை. புறநானூற்றின் 364ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோயிற்று. பாட்டில் அமைந்த கூகைக்கோழியே அவர் பெயராயிற்று. குறுந்தொகையின் செம்புலப்பெயனீராரும் தம் உவமையாலேயே வாழ்கிறார். முகம் காட்டாத அப்புலவர்களை ஈராயிரம் ஆண்டுகளாக நாம் மறக்கவில்லை.

இன்று நூலின் அட்டையில் கவிஞர் படம் வளர்கிறது. உள்ளே உவமை தேய்கிறது. பத்தாண்டு நிறைந்த நம்மை நாளை எதனால் அறிவார்கள்? நிழற்படங்களாலா, நம்முள் ஒருவர் வார்த்த ஒரு சொல்லாலா?

அன்னூருக்கென ஒரு காசு வார்த்தால் எதைப் பொறிப்பீர்கள்? சிலேடை விரும்புவோர் அன்னத்தை நாடலாம். நான் மானாவாரிச் சோளக் கதிரைக் கேட்பேன். உங்கள் விடையைப் பாட்டாகத் தாருங்கள்.