கருவியின் விலையும் கற்பவர் கையும்



கணிப்பொறியைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தைப் புகழ்ந்துவிட்டு அமர்ந்துவிடுகின்றனர். நாம் இன்று விலையைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணிப்பொறி இடம்பெற்றது. பகுதிகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்வதற்கு 397 டாலர். நினைவகமோ 256 பைட்டுகள். திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. முகப்பிலுள்ள சுவிட்சுகளைத் தள்ளியே கட்டளையிட வேண்டும். ஆயினும் பெருநிறுவனங்களிடம் இருந்த பொறி தனிமனிதரின் மேசைக்கு வந்துவிட்டது.

பொறி வந்தது, நிரல் எழுதும் கருவியோ எட்டாத உயரத்திலேயே நின்றது. நாம் எழுதும் நிரலைப் பொறிக்கு விளங்கும் எண்களாக மாற்றித் தருவது கம்பைலர் என்னும் மென்பொருள். 1980களின் தொடக்கத்தில் ஒரு பாஸ்கல் கம்பைலருக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்டனர். அதுமட்டுமா? எழுதுவதற்கு ஒரு மென்பொருள், மாற்றுவதற்கு ஒன்று, இணைப்பதற்கு வேறொன்று. பிளாப்பித் தட்டுகளை மாற்றி மாற்றிச் செருக வேண்டும். ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் மீண்டும் முதலிலிருந்து! கற்பவரின் பொறுமையை அது தின்றுவிடும்.

1983 நவம்பரில் போர்லண்ட் நிறுவனம் 'டர்போ பாஸ்கலை' 49.95 டாலருக்கு வெளியிட்டது. அதன் கம்பைலரை இயற்றியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பர்க். எழுதுவது, மாற்றுவது, ஓட்டிப்பார்ப்பது யாவும் ஒரே மென்பொருளில், நினைவகத்திற்குள்ளேயே நடந்தன. பிழை நேர்ந்தால் அந்த இடத்திற்கே கொண்டுபோய் நிறுத்தியது. அடிக்காமல் திருத்தும் ஆசிரியரைப் போல. தன் மென்பொருளை ஒரு நூலைப் போலக் கருதுமாறு அந்நிறுவனம் உரிமத்தில் எழுதியது: கைமாறலாம், ஆனால் ஒரே வேளையில் இரண்டு பொறிகளில் ஓடலாகாது.

அதே 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். அதன் கம்பைலராகிய ஜிசிசி 1987இல் வெளிவந்தது. விலை அவருக்கு இரண்டாம் பட்சமே. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்பதே முதன்மை. ஒன்றைப் பயன்படுத்த இசைவளிப்பது வேறு. அதன் உட்புறத்தைத் திறந்து காட்டுவது வேறு. இவ்வேறுபாட்டை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்று ஜிசிசியும் பைத்தானும் விலையின்றிக் கிடைக்கின்றன. பழைய மேசைக் கணிப்பொறியிலும் ஓடும். ஆதலின் மாணவர்க்குப் பொறி வாங்க நிதி திரட்டும் அன்பர்கள் இவற்றுக்கென ஒரு காசும் ஒதுக்க வேண்டியதில்லை. அத்தொகையை மின்கட்டணத்திற்கும், மாலைதோறும் உடனிருந்து சொல்லித்தரும் ஒருவரின் ஊதியத்திற்கும் வைக்கலாம்.