குருதியில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

(மாட்டுப்பட்டியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டி அலுவலகமொன்றில் எழுத்தராய்ப் பணியாற்றும் எம்மை, உடல்நலம் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். யாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்பளவே பயின்றுள்ளோம். ஆயினும் சரக்கின் வரவையும் செலவையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் எழுதிவரும் எமக்கு, உடம்பினுள் நடைபெறும் சர்க்கரையின் வரவு செலவு ஓரளவு விளங்குகிறது. விளங்கியதை எடுத்துரைப்பதே எம் நோக்கம். மருத்துவர் கூறும் அறிவுரைக்கு மாற்றாக இதனைக் கொள்ளற்க.

இந்தப் பொருளை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று நீங்கள் கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்ற பெரும் ஆய்வொன்றின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்படி, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர். நாம் வாழும் கேரளத்தில் ஆய்வுக்குட்பட்ட பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேர். இவ்விழாப் பந்தலில் நால்வர் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருள் பலர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருப்பர் என்பதுதான் அச்சத்திற்குரியது.

இனி, பொருளுக்கு வருவோம். சோறு, இட்டிலி, சப்பாத்தி, கேழ்வரகுக் களி, மரவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், வெல்லம் ஆகிய யாவற்றிலும் நிறைந்திருப்பது மாவுச்சத்தும் அதன் இனத்தைச் சேர்ந்த சர்க்கரைகளுமே. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் என்னும் சிறு மணிகள் நூற்றுக்கணக்கில் கோக்கப்பட்ட நீண்ட மாலை. வாயில் ஊறும் உமிழ்நீரும் சிறுகுடலில் சேரும் செரிமான நீரும் அம்மாலையை அறுக்கின்றன. மணிகள் தனித்தனியே பிரிந்து, குடற்சுவரின் வழியாகக் குருதியிற் கலக்கின்றன. ஒரு கிராம் மாவுச்சத்து நமக்கு நான்கு கலோரி ஆற்றல் தருகிறது.

இங்கேதான் வியப்பு இருக்கிறது. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதி ஓடுகிறது. நலமுடையவர்க்கு அதிகாலை வெறும் வயிற்றில் அந்தக் குருதி முழுவதிலும் உள்ள குளுக்கோஸ் சுமார் ஐந்து கிராம். அதாவது ஒரே ஒரு தேக்கரண்டி! ஆனால் நூறு கிராம் அரிசியைச் சோறாக்கி உண்டால், அதிலிருந்து எழுபத்தைந்து கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே செல்கிறது. ஒரு தேக்கரண்டி இருக்க வேண்டிய இடத்திற்குப் பதினைந்து தேக்கரண்டி வந்து சேர்ந்தால் என் செய்வது? இந்நெருக்கடியை நம் உடம்பு நாள்தோறும் மூன்று வேளை ஓசையின்றித் தீர்த்து வைக்கிறது.

எவ்வாறு தீர்க்கிறது என்பதற்கு நம் மலையின் பழைய கதையொன்றே துணை செய்யும். மூணாற்றிலிருந்து இந்த மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒரு காலத்தில் இருப்புப்பாதை இருந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்வே என்பது அதன் பெயர். 1902இல் ஒற்றைத் தண்டவாளமாய்த் தொடங்கி, 1908இல் சிறு இரயிலாக மாறி, 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. அவ்வழியே வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனை அடைந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கோட்டகுடிக்கு இறங்கின. கம்பிவடம் தாங்கும் அளவிற்குத்தான் சரக்கை இறக்க இயலும். மிகுந்து வருவதைக் கிடங்கில் வைத்துத்தானே தீர வேண்டும்?

நம் உடம்பில் அத்தகைய கிடங்கு கல்லீரல். உணவுக்குப் பின் குருதியில் குளுக்கோஸ் உயர்ந்தவுடன், இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம் என்னும் உறுப்பு இன்சுலின் என்ற நீரைச் சுரக்கிறது. தசைகளிலும் கொழுப்பிலும் உள்ள கதவுகளைத் திறந்துவிடும் சாவி அதுவே. கல்லீரலுக்கும் அது ஆணை அனுப்புகிறது: “வந்ததைக் கட்டி வை” என்று. கல்லீரல் அம்மணிகளை மீண்டும் கோத்து, கிளைக்கோஜன் என்னும் பெயரில் சுமார் நூறு கிராம் வரை சேமிக்கிறது. தசைகள் நானூறு கிராமளவு சேமிக்கின்றன. ஆயின் தசையின் இருப்பு தசைக்கே உரியது, வேறு ஊருக்கு அனுப்பப்படுவதில்லை. இரு கிடங்கும் நிறைந்த பின்னரும் வரவு நில்லாவிடின், மிகுதி கொழுப்பாக மாறி வயிற்றைச் சுற்றித் தங்குகிறது.

இரவு உறங்குகிறோம், எட்டு மணி நேரம் உண்பதில்லை. மூளையோ உறங்காது குளுக்கோஸ் கேட்கிறது. நாளொன்றுக்கு அதற்கு வேண்டியது சுமார் 120 கிராம். அப்போது அதே கணையம் குளுக்ககான் என்னும் மற்றொரு நீரைச் சுரந்து, கல்லீரல் கிடங்கைத் திறக்கச் செய்கிறது. ஒன்று சேமிக்கச் சொல்வது, மற்றொன்று செலவிடச் சொல்வது. இவ்விரண்டின் இணக்கத்தால் அந்த ஒரு தேக்கரண்டி அளவு பெரிதும் மாறாது நிற்கிறது.

மாடுகளின் பெயரால் அமைந்த இவ்வூரில் மாட்டைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாது விடலாகாது. 1963இல் தொடங்கிய இந்திய–சுவிட்சர்லாந்துக் கூட்டுத் திட்டத்தால் இவ்வூர்ப் பண்ணையின் புகழ் நாடெங்கும் பரவியதை நீங்கள் அறிவீர்கள். அங்கே மாடு மேயும் புல்லும் குளுக்கோஸ் மணிகளால் ஆனதே! ஆனால் அவை கோக்கப்பட்ட முறை வேறு. மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த மாலையை அறுக்கும்; நம் குடலால் அறுக்க இயலாது. நமக்கு அது நார்ச்சத்து. செரியாத அந்த நாரால் பயனில்லை என்று எண்ணற்க. கீரை, அவரை, பயறு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றின் நார், மாவுச்சத்து விரைந்து செரிப்பதைத் தடுத்து, குளுக்கோஸ் சிறுகச் சிறுகக் குருதியிற் சேரச் செய்கிறது. தீட்டிய வெள்ளரிசிச் சோற்றை மட்டும் உண்போர்க்கு அந்தக் காவல் இல்லை.

இனி நோயைப் பார்ப்போம். சில குழந்தைகட்கும் இளைஞர்கட்கும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துவிடுகின்றன. அவர்கட்கு இன்சுலின் ஊசி உயிர்மருந்து; ஒரு நாளும் நிறுத்தலாகாது. பெரும்பான்மையோர்க்கு வருவது இரண்டாம் வகை. இதில் சாவி உண்டு, பூட்டோ துருப்பிடித்துள்ளது. கணையம் மேலும் மேலும் சுரந்து பார்த்து, ஆண்டுகள் செல்லச் செல்லக் களைத்துப் போகிறது. மிகுந்த உடல் எடையும் உழைப்பின்மையும் பரம்பரையும் இதற்குக் காரணங்கள். தெற்காசிய மக்களாகிய நமக்கு, மேலைநாட்டாரை விடக் குறைந்த எடையிலும் குறைந்த வயதிலும் இது வந்துவிடுகிறது.

இங்கே நம் குடும்பங்களின் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் பாட்டிமார் விடியலில் எழுந்து, கூடை சுமந்து, இச்சரிவுகளில் ஏறி இறங்கிக் கொழுந்து கிள்ளினர். தட்டு நிறையச் சோறுண்டனர். அவர்கட்கு அது பொருந்தியது. ஏனெனில் உழைக்கும் தசை இன்சுலினின் உதவியின்றியும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆற்றலுடையது. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் எம்மைப் போல் நாற்காலியில் அமர்ந்து எழுதுகின்றனர், கடையில் நிற்கின்றனர், வண்டி ஓட்டுகின்றனர். உழைப்பு மாறியது, தட்டின் அளவு மாறவில்லை. முதியோரும் பணி ஓய்வு பெற்று லயத்தின் திண்ணையில் அமர்ந்த பின்னும் பழைய அளவையே உண்கின்றனர். சோறு பகையன்று. அதனை எரித்துவந்த உழைப்பு போய்விட்டதே குறை.

நீரிழிவு புதிய நோயுமன்று. நம் பழைய மருத்துவ நூல்கள் மதுமேகம் என்று இதனைக் குறித்துள்ளன. குருதியில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டும்போது சிறுநீரகம் அதனைத் தடுக்க மாட்டாது வெளியே விடுகிறது. சிறுநீரை எறும்பு மொய்ப்பது அதனால்தான். 1921இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இத்தகைய சிறுவர் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மடிவதே வழக்கம். நம் சென்னையில், மருத்துவர் எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையே நிறுவினார். தமிழர் பெருமை கொள்ளத்தக்க பணி அது.

நாம் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது, சோதனை. முப்பது வயது நிரம்பியோர் அனைவரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதியைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். வெறும் வயிற்றில் 100க்குக் கீழ் இருப்பது நலம். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126ம் அதற்கு மேலும் மறுசோதனையிலும் காணப்படின் நீரிழிவு. கருவுற்ற தாய்மார் தவறாது சோதித்துக்கொள்க.

இரண்டாவது, உணவு. “கோதுமைக்கு மாறிவிட்டேன், இனிக் கவலையில்லை” என்று கூறுவோர் உளர். கோதுமையிலும் கேழ்வரகிலும் நூற்றுக்கு எழுபது பங்களவு மாவுச்சத்தே. நார் சற்று மிகுதி என்பது உண்மை. எட்டுச் சப்பாத்தி உண்டால் அப்பயன் போயிற்று. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, எஞ்சிய கால் பங்கு சோறு. இந்தக் கணக்கு எவரும் பின்பற்றத்தக்கது. தேயிலை விளையும் ஊரில் தேநீரை விடச் சொல்ல மாட்டோம். ஆயின் நாளைக்கு ஐந்து குவளை, குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் ஐம்பது கிராம் ஆகிவிடுகிறது. உலக நல நிறுவனமோ இருபத்தைந்து கிராமுக்குள் நிறுத்துதல் நலம் என்கிறது. உணவுக்குப் பின் கால் மணி நேரம் நடப்பதும் பெரும்பயன் தரும். வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென வகுத்த அதிகாரத்தில் உணவின் அளவையே மிகுதியாகப் பேசியது காரணமின்றி அன்று.

மூன்றாவது, மருந்து. “இன்சுலின் போட்டால் அதற்கு அடிமையாகி விடுவோம்” என்று அஞ்சி ஊசியை மறுப்போர் நம்மிடையே பலர். சோறுண்பவன் சோற்றுக்கு அடிமையா? உடம்பு தானே சுரந்த ஒன்று குறைந்தபோது அதனை வெளியிலிருந்து தருகிறோம், அவ்வளவே. அதே வேளையில் மறுபுறத்து இடரையும் அறிதல் வேண்டும். எம் அலுவலக நண்பர் ஒருவர், சர்க்கரையை விரைந்து குறைக்க எண்ணி, மாத்திரையை வழக்கம் போல் விழுங்கிவிட்டு உணவை அடியோடு விடுத்தார். நண்பகலில் கை நடுங்கியது, வியர்வை பெருகியது, நா குழறியது. அருகிருந்தோர் சர்க்கரை நீர் தந்தபின் தெளிந்தார். இன்சுலினும் சில மாத்திரைகளும் கொள்வோர்க்கு அளவு 70க்குக் கீழ் இறங்கினால் இவ்வாறு நேரும். அப்போது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துச் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க.

இறுதியாக ஒன்று. நீண்ட நாள் நோயுடையோர்க்குக் காலில் உணர்வு குன்றும். அட்டை கடித்ததும் முள் தைத்ததும் தெரியாது. புண் முற்றிய பின்னரே தெரியும். தோட்டத்தில் வெறுங்காலுடன் நடவாதீர். இரவு படுக்குமுன் பாதத்தைப் பார்க்க இயலாத முதியோர்க்கு, வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். மாணவ மணிகளே! தாத்தா பாட்டியின் காலைத் தொட்டு வணங்கும் வழக்கம் நமக்கு உண்டல்லவா? தொடும்போதே பாதத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

பிழைப்பு நாடி மலையேறி வந்த நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற உடைமை, உழைத்து உரமேறிய இவ்வுடம்பே. அதன் கணக்கை நாமே பார்த்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு விழாவிற்குள் இக்காலனியில் சோதனை செய்துகொள்ளாத வீடு ஒன்றுமில்லை என்னும் நிலை வருமாயின், அதுவே இவ்விழாவின் பயன் என்போம்.