கடலடியில் கிடந்த சாட்சி



உடைந்த கப்பலுக்கு வாய் இல்லை. அதன் சார்பில் பேசுவது ஒரு தாள். கப்பல் ஆய்வாளர் எழுதித் தரும் அறிக்கை! வெறும் தாள்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அதைக் கண்டுதான் இன்சூரன்சுக் கம்பெனி பணப்பெட்டியைத் திறக்கும், அல்லது பூட்டும். அதை வைத்துத்தான் குற்றம் யாருடையது என்று நீதிமன்றம் ஆராயும்.

இரும்புத் தகடு பிளந்து கிடக்கிறது. அலை பிளந்ததா? துரு தின்றதா? ஆய்வாளர் சொல்லவேண்டும். கடல் விளைவித்த சேதமென்றால் ஈட்டுத்தொகை உண்டு. வழக்கமான தேய்மானம் என்றால் இல்லை. இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுக் கடல் இன்சூரன்சுச் சட்டம் வகுத்த பொதுவிதி இது.

கப்பல் முதலாளிக்கும் கம்பெனிக்கும் நடக்கும் வழக்கு, ஏழைக்கு இதிலென்ன வேலை என்று கேட்பீர்கள். டெர்பிஷயர் கப்பலின் கதை அதற்கு விடை சொல்லும்.

1976இல் கட்டி முடிக்கப்பட்ட பிரிட்டிஷ் கப்பல் அது. நீளம் 294 மீட்டர். கனடாவில் இரும்புத் தாது ஏற்றி ஜப்பானை நோக்கிச் சென்றது. 1980 செப்டம்பரில், ஆர்க்கிட் என்னும் சூறாவளியிலே மூழ்கியது. கப்பலில் இருந்தவர் 44 பேர். அவர்களுள் இருவர், கணவருடன் சென்ற மனைவியர். ஒருவரும் மீளவில்லை. 'ஆபத்து' என்றொரு குரல்கூட எழவில்லை.

ஏன் மூழ்கியது? உற்றார் கேட்டனர். 1989இல் விசாரணை அறிக்கை விடை சொன்னது: இயற்கையின் சீற்றமாம்! கப்பலைக் கண்ணால் காணாமலே கப்பலுக்குத் தீர்ப்பு! காற்றின்மேல் பழியைப் போட்டால் காற்றா வழக்காட வரும்?

உற்றார் ஓயவில்லை. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் பணம் தந்தது. தொழிலாளியின் காசு கடலில் இறங்கிற்று! 1994இல், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டனர். பிறகே 1997, 1998 ஆண்டுகளில் விரிவான ஆய்வு நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன.

படம் வந்தது, நீதி வந்ததா? இல்லை! 1998இல் நிபுணர்கள் மாலுமிகள் மீதே குறை கண்டனர். முன்புறப் பொருளறையின் மூடியைச் சரியாகக் கட்டாமல் விட்டார்களாம்! மாண்டவன் மறுத்துப் பேசமாட்டான் அல்லவா?

விசாரணை மீண்டும் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நீதிபதி கோல்மன் அந்தப் பழியைத் துடைத்தார். முன்தளத்துக் காற்றுக் குழாய்களை அலை பெயர்த்தது, திறந்த வாய் வழியே நீர் புகுந்தது, முன்புறம் தாழ்ந்தது, முதற் சரக்கறையின் மூடி அலையின் சுமை தாங்காமல் நொறுங்கியது. குற்றம் மாலுமியின் கையில் இல்லை என்றார்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! படங்களை எடுத்த பின்னும் ஒரு அறிக்கை பழி சுமத்திற்று. வேறொரு விசாரணை பழியைத் துடைத்தது. ஆய்வாளர் கற்றவர், அதை மறுக்கவில்லை. ஆனால் கற்றவர் சொல்லும் கேள்விக்கு உட்பட்டதே! கப்பல் முதலாளிக்கு நிபுணர் உண்டு, கம்பெனிக்கும் உண்டு. கடலில் செத்தவனின் மனைவிக்கு யார் உண்டு? அவளுக்கும் ஒரு நிபுணரை அமர்த்த, அரசு பணம் தரவேண்டும். சான்றுகளை அவளும் பார்க்கவேண்டும். பிழையான அறிக்கையை மீண்டும் விசாரிக்கும் கதவு திறந்தே இருக்கவேண்டும்.

இதனைச் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்!